‘போல’ வந்தால்தான் உவமையா?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. மறுநாள் தமிழ்த் தேர்வு. இரவு ஒன்பது மணிக்குத் தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

“சித்தி, ‘போல’ இருந்தா உவமை. இல்லன்னா உருவகம். இவ்ளோதானே?”

அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் தோசை சூடாக உள்ளே போயிருக்கும். ஆனால் அந்த ஒற்றை விதியை நம்பிப் பழைய கவிதைக்குள் போனால் இரண்டு பக்கமும் அடி விழும். ‘போல’ இல்லாமலே உவமை வரும். ‘போல’ இருந்தும் அது உவமையாக இராது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். உவமை, உருவகம் முதலான அணிகளின் இலக்கணம் படித்து மறந்தவர்களும், படிக்காமலே சங்கப் பாட்டைப் புரட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். அணி என்பது புலவர்களின் தனிச்சொத்து இல்லை. ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்கிறோம். ‘கடன் கழுத்தை நெரிக்கிறது’ என்கிறோம். யாரும் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் பொருள் இடறுகிறது. இடறியதும் நாமே வேறு பொருளுக்குத் தாவிவிடுகிறோம். பழைய கவிதையிலும் செய்ய வேண்டியது இதுதான். எந்த இடத்தில் நேர்ப்பொருள் இடறுகிறதோ அந்த இடத்தில் நில்லுங்கள்.

நின்றபின் மூன்று கேள்வி. எதைப் பற்றிய பேச்சு இது? அதன் பக்கத்தில் எதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்? இரண்டுக்கும் எது பொது? இலக்கணத்தில் இவற்றுக்குப் பொருள், உவமை, பொதுத்தன்மை என்று பெயர். இரண்டையும் ஒட்டவைக்கும் சொல்தான் உவம உருபு. அது ‘போல’ மட்டும் இல்லை. போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று பன்னிரண்டை நன்னூல் வரிசையாகச் சொல்லி, இன்னும் உண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறது. இவற்றில் சங்கப் பாட்டு படிக்கிறவர் கண்ணில் அதிகம் படுவது ‘அன்ன’. அதை ஒரு பறவை என்று நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு. நானும் அதில் ஒருத்தி.

மூன்றாவது கேள்விக்குத் தொல்காப்பியர் ஒரு கைவிளக்கு தருகிறார். ஒப்புமை நான்கு வழியில் பிறக்கும் என்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழைபோலக் கொடுத்தான் என்றால் பயன். துடிபோன்ற, அதாவது நடுவில் ஒடுங்கிய உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம்போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். புலிபோலப் பாய்ந்தவனுக்கு உடம்பில் கோடு இருக்கிறதா என்று கேட்கக்கூடாது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இனி ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்ப்போம். குறுந்தொகை 58, வெள்ளிவீதியார் பாடியது. காதலில் தவிக்கும் ஒருவனை நண்பன் இடித்துரைக்கிறான். அவன் பதில் சொல்கிறான்:

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணிற் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்றுகொளற்கு அரிதே

வெயில் காயும் பாறை. அதன்மேல் வெண்ணெய். காவலுக்கு ஒருவன். அவனுக்குக் கை இல்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் இருக்கிறது. அந்த வெண்ணெய்போல இந்த நோய் பரவிவிட்டது, தாங்க முடியவில்லை என்கிறான்.

இதைத் தேர்வில் எழுதும் பிள்ளை ‘நோய் பொருள், வெண்ணெய் உவமை, பரவுதல் பொதுத்தன்மை’ என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். தப்பே இல்லை. ஆனால் பரவுவதைச் சொல்ல வெண்ணெயும் பாறையும் போதுமே, அந்த ஊமன் எதற்கு? அங்கேதான் பாட்டு இருக்கிறது. அள்ளி எடுத்து நிழலில் வைக்கக் கை இல்லை. யாரையாவது கூப்பிடக் குரல் இல்லை. உருகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க மட்டும் கண் இருக்கிறது. கண்ணும் இல்லாதிருந்தால் கூட வேதனை பாதி குறைந்திருக்கும். ‘உன்னை நீயே அடக்கிக்கொள்’ என்று அறிவுரை சொல்லும் நண்பனுக்கு, ‘நான் பார்க்காமலா இருக்கிறேன், என்னால் முடியவில்லை’ என்ற பதில் அந்த ஊமனுக்குள் இருக்கிறது. வெண்ணெய் அவன் நோய், ஊமன் அவனே. உவம உருபு வெண்ணெயோடு மட்டும் ஒட்டியிருக்கிறது. ஊமனை நாம்தான் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும்.

ஆகவே நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒப்பிட அவசியமில்லாத எந்தத் துண்டைக் கவிஞர் கூடவே எடுத்து வந்திருக்கிறார்? என்னைக் கேட்டால், மற்ற மூன்றையும்விட இதுதான் பலன் தரும் கேள்வி.

‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்ற வரியை எல்லோரும் அறிவார்கள். திருமண அழைப்பிதழ்களில் அச்சாகி அச்சாகிக் கொஞ்சம் தேய்ந்தும்விட்டது. கலத்தல் பொதுத்தன்மை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கலக்க எந்த மண்ணும் போதும், செம்மண் ஏன்? நிறத்துக்காக. கரிசலிலும் நீர் கலங்கும், ஆனால் செம்மண்ணில் விழுந்த மழைநீர் அந்தக் கணமே வேறு நிறம் ஆகிவிடும். பிறகு எது மண்ணின் நிறம், எது நீரின் நிறம் என்று கேட்பதில் பொருள் இல்லை. ‘என் தாயும் உன் தாயும் யார் யாரோ’ என்று தொடங்கிய பாட்டுக்கு, முன்பின் தெரியாத வானத்து நீரும் நிலமும் சரியான பதில்.

அந்தப் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் கிடைக்காமல், உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். குறுந்தொகையில் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். குப்பைக் கோழியார் ஒருவர்: குப்பைமேட்டில் தாமாகச் சண்டைபோடும் கோழிகளை மூட்டிவிடவும் ஆள் இல்லை, விலக்கவும் ஆள் இல்லை, அது தானாக ஓய்ந்தால்தான் உண்டு, என் நோயும் அப்படித்தான் என்கிற பாட்டு அவருடையது. ஓரேருழவனார் இன்னொருவர். மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது, ஊரெல்லாம் உழுகிறது, இவனிடம் இருப்பதோ ஒரே ஏர். ஈரம் காய்வதற்குள் முடிக்கவேண்டிய அந்த உழவனின் பதற்றம், காதலியின் ஊர் தொலைவில் இருக்கும் ஒருவனின் நெஞ்சுக்கு உவமை. நல்ல உவமை ஒன்று சொன்னால் ஊர் உங்கள் பெயரையே மறந்துவிடும்!

‘போல’ இல்லாத உவமைக்கு வருவோம்.

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு

இதில் உருபே இல்லை. மணலில் தோண்டத் தோண்ட ஊறும் நீர் ஒரு வாக்கியம். கற்கக் கற்க ஊறும் அறிவு இன்னொரு வாக்கியம். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு வள்ளுவர் ஒதுங்கிக்கொள்கிறார். இதற்கு எடுத்துக்காட்டு உவமையணி என்று பெயர். ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்ற முதல் குறளிலும் இதுதான். பேச்சு வழக்கிலும் இது உண்டு. ‘ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணல்’ என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போது ‘போல’ என்றா சேர்க்கிறோம்?

கேணியை ஏன் மணலில் வைத்தார் என்று நம் நான்காம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும். பாறைக் கிணறுபோல நாள்கணக்கில் வெட்டவேண்டாம், கையால் பறித்தாலே நீர் வரும். ஆனால் ஓரத்து மணல் சரிந்துகொண்டே இருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். எளிதில் கிடைக்கும், நிறுத்தினால் போய்விடும்: படிப்பைப் பற்றி இரண்டு சேதி. இரண்டாவது சேதியை உரைகாரர்கள் சொல்கிறார்களோ இல்லையோ, எனக்கு அது மணலிலேயே இருப்பதாகப் படுகிறது.

உருவகம் இதிலிருந்து எங்கே பிரிகிறது? மதிமுகம், முகமதி என்ற இரண்டு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம். பேச்சு முகத்தைப் பற்றி, மதி துணைக்கு வந்தது. அது உவமை. முகமதி என்றால் முகம் ஆகிய மதி. முகம் மதியாகவே மாறிவிட்டது. அது உருவகம். பொருள் முன்னால் வந்து உவமை பின்னால் போனால் பெரும்பாலும் உருவகம் என்று பிடித்துக்கொள்ளலாம். உவமையில் இரண்டும் கைகோத்து நிற்கும். உருவகத்தில் ஒன்று மற்றதன் சட்டையைப் போட்டுக்கொண்டுவிடும். ‘ஆகிய’, ‘என்னும்’, ‘ஆக’ ஆகிய சொற்கள் அந்தச் சட்டையின் பித்தான்கள்.

முதலாழ்வார்களின் இரண்டு விளக்குப் பாட்டு இதற்கு வசதியானவை. பொய்கையாழ்வார், ‘வையம் தகளியா வார்கடலே நெய்யாக வெய்ய கதிரோன் விளக்காக’ என்று ஏற்றுகிறார். தகளி என்றால் அகல். உலகமே அகல், கடலே நெய், சூரியனே சுடர். பூதத்தாழ்வார் அதே விளக்கை உள்ளே கொண்டுபோகிறார்: ‘அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக இன்புருகு சிந்தை இடுதிரியா’. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் விளக்கில் திரி இல்லை. சூரியனுக்குத் திரி எதற்கு? இரண்டாவதில் திரி இருக்கிறது, அது உருகும் மனம். எரிந்து தீர்வது எது என்று இரண்டாவது விளக்குதான் சொல்கிறது.

சில நேரம் கவிஞர் பாதியை உருவகமாக்கிப் பாதியை விட்டுவிடுவார். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்’ என்ற குறளில் பிறவி கடலாகிவிட்டது. கடல் வந்தால் தெப்பம் வரவேண்டுமே? வரவில்லை. இறைவன் அடிதான் தெப்பம் என்பதைப் படிப்பவரே முடித்துக்கொள்ள வேண்டும். ஏகதேச உருவகம் என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள், விஷயம் இவ்வளவுதான்.

இன்னொரு வகையில் கவிஞர் உவமையை மட்டும் சொல்லிவிட்டுப் பொருளையே மறைத்துவிடுவார். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’. மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்குமேல் ஏற்றினால் அச்சு முறியும். குறள் அவ்வளவோடு முடிந்தது. இதை மட்டும் தனியே படித்தால் வண்டிக்காரருக்குச் சொன்ன அறிவுரை என்றே தோன்றும். அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள்: வலியறிதல். எளியவர்கள்தானே என்று பலரையும் பகைத்துக்கொள்ளும் அரசனுக்கான எச்சரிக்கை அது. பிறிது மொழிதல் என்று இதைச் சொல்வார்கள். இந்த அணியைக் கண்டுபிடிக்க வரியைவிட, வரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

இப்போது அக்கா மகளின் விதி மறுபக்கமும் உடையும் இடம். ‘மழை வரும் போல இருக்கு’ என்று சொன்னால் அங்கே ‘போல’ வெறும் ஊகம். கவிதையில் வரும் ‘போல’ இன்னும் தந்திரமானது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்து சேர்கிறார்கள். என்ன நடக்கப்போகிறது என்று படிப்பவருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வையை ஆறு ஓடுகிறது, மேலெல்லாம் பூ மிதக்கிறது. இளங்கோ சொல்கிறார்:

தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி

கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள்போல, மலராடையைப் போர்த்திக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டாளாம் வையை. ‘போல்’ இருக்கிறது. ஆனால் நம் கேள்விகளைக் கேளுங்கள். வையையின் பக்கத்தில் எந்தப் பொருளைக் கொண்டுவந்து வைத்தார்? எதையும் இல்லை. ஆறு தன் போக்கில் ஓடுகிறது. பூ தன் போக்கில் மிதக்கிறது. அந்த இயல்பான காட்சிமேல் கவிஞர் தம் மனத்தில் இருக்கும் குறிப்பை ஏற்றிவிட்டார். தற்குறிப்பேற்றம் என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது: தன் குறிப்பை ஏற்றுதல்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் இருவரும் அதைப் பார்த்து, ‘இது நீரோடும் ஆறு இல்லை, பூவோடும் ஆறு’ என்று வியந்து தொழுகிறார்கள். நமக்குக் கண்ணீர் தெரிகிறது, அவர்களுக்குப் பூ தெரிகிறது. அடுத்து அகழியின் குவளையும் ஆம்பலும் தாமரையும் நடுங்குகின்றன, வண்டுகள் ஏங்குகின்றன. கடைசியாகக் கோட்டைக் கொடி காற்றில் அசைகிறது:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
‘வாரல்’ என்பனபோல் மறித்துக்கை காட்ட

வராதே, வராதே என்று கை காட்டியதாம். பாடப்புத்தகங்களில் தற்குறிப்பேற்றத்துக்குச் சான்றாகக் கொடியை மட்டும் தனியே வெட்டிக் கொடுப்பது வழக்கம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆறு அழுகையை மறைக்கிறது, பூக்கள் வெளிப்படையாக அழுகின்றன, கொடி கைநீட்டித் தடுக்கிறது. படிப்படியாக ஏறுகிற மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கை நெஞ்சில் படும்.

மிச்சம் இருப்பதில் கடினமானது உள்ளுறை. அதற்கு ஒரு குறுக்குவழி சொல்லித்தருகிறேன். காதலைப் பாடும் அகப்பாட்டில் ஊரன், நாடன், வெற்பன், சேர்ப்பன் என்று தலைவனைக் குறிக்கும் சொல் எதையாவது கண்டால் அதற்கு முன்னால் இருக்கும் இயற்கை வருணனையைத் திரும்பப் படியுங்கள். ‘இப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவன்’ என்று ஊரைச் சொல்வதாகப் பாவனை காட்டி, ஆளைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாட்டு:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பேசுகிறவள் பரத்தை. வயலோர மாமரத்தில் பழுத்துத் தானாக உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன் அவன் என்கிறாள். மீன் மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவும் இல்லை. அதுவாக விழுந்தது, கிடைத்தது. ‘நானா அவனைத் தேடிப் போனேன்?’ என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லிவிட்டாள். இது உள்ளுறை. உருபும் இல்லை, பொருளும் இல்லை. மீனும் பழமும் மட்டும்.

அதே பாட்டின் பின்பாதியில் வெளிப்படையான உவமை ஒன்று. என் வீட்டில் பெரிதாகப் பேசிவிட்டுப் போனவன், தன் வீட்டில் மகனைப் பெற்றவளுக்குமுன், நாம் கையைத் தூக்கினால் கையைத் தூக்கும், காலைத் தூக்கினால் காலைத் தூக்கும் கண்ணாடிப் பிம்பம்போல ஆடுகிறான். ஆடி என்றால் கண்ணாடி. தன்னைப் பற்றியதை மறைத்துச் சொன்னவள், அவனைப் பற்றியதைப் பளிச்சென்று சொல்கிறாள். ‘மனைவி’ என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை, ‘தன் புதல்வன் தாய்’ என்றுதான் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஒன்று சொல்லிவிடவேண்டும். உள்ளுறை பிடிபட்டுவிட்டால் அடுத்த வாரம் எல்லா மீனும் குறியீடாகத் தெரியும். எல்லாக் கொக்கும் எதையோ உணர்த்தும். அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. சில பாட்டில் நண்டு வெறும் நண்டுதான். பாட்டின் மற்ற வரிகள் உங்கள் பொருளைத் தாங்கவில்லை என்றால், அது கவிஞரின் தற்குறிப்பேற்றம் இல்லை, உங்களுடையது.

அன்று இரவு கடைசியாகக் கபிலரின் குறுந்தொகை 25ஐ அவள் கையில் கொடுத்தேன், தேர்வுக்காக இல்லை. எங்களுக்குள் நடந்ததற்குச் சாட்சி யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று ஒருத்தி புலம்புகிறாள்:

தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைக் கூடிய அன்று, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு, அதாவது கொக்கு, மட்டும் இருந்தது என்கிறாள். ‘அன்ன’வை உடனே வட்டம் போட்டாள் அக்கா மகள். கால் பொருள், தினைத்தாள் உவமை, நிறமும் மெலிவும் பொது. சரி. நான்காம் கேள்வியைக் கேட்டேன்: சாட்சி என்று சொல்ல வந்தவள் அதன் காலை ஏன் சொல்கிறாள்? அவன் நின்றபோது இவள் வெட்கத்தில் தலைகுனிந்திருந்தாளோ, அதனால்தான் கால் மட்டும் நினைவிருக்கிறதோ என்பது என் யோசனை. இரையைக் குறிவைத்து நிற்கும் அந்தக் குருகு அவனேதான் என்று படிப்பவர்களும் உண்டு என்றேன்.

அவள் தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“அதெல்லாம் சரி சித்தி. அந்தக் கொக்கு மீனைத்தானே பாத்துட்டு இருந்துச்சு? இவங்களப் பாக்கவே இல்லையே. அது எப்படிச் சாட்சி சொல்லும்?”